28-லிருந்து 23: ஒரு வாரம் குறைய நூறு வருஷம்

1/
"பை வெப்பாங்களாமா கண்ணு?"

வாழவந்தி நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா என்கிட்ட கேட்ட முதல் கேள்வி இதுதான். கையில் பயாப்ஸி ரிப்போர்ட். ஆசனவாயில் புற்றுநோய். என்ன நோய்னு கேக்கல, பொழைப்பேனான்னு கேக்கல. "வெட்டி எடுத்துட்டு வயித்துல பை வெச்சுடுவாங்கன்னு சொல்றாங்க. அப்படின்னா எனக்கு வைத்தியமே வேண்டாம் சாமி"ன்னு சொல்லிட்டு எழுந்துட்டாங்க.

(அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/
அவங்களை உட்கார வைக்க நான் ஒரு கதை சொன்னேன். அந்தக் கதையைத்தான் இங்கே கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் புற்றுநோய் நிபுணர் இல்ல. அரசு மருத்துவமனையில் வேலை பாக்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர். ஆனா இந்த நோயை முதல்ல பாக்கிறது பெரும்பாலும் எங்களை மாதிரி ஆட்கள்தான். முதல்ல தவறவிடுறதும் நாங்கதான்.

3/
ஒரு சின்ன விளக்கம். மலக்குடல் வேற, ஆசனவாய் வேற. மலக்குடல் உள்ளே இருக்கு. அதோட கடைசி மூணு நாலு சென்டிமீட்டர், வெளியே திறக்கிற குழாய்ப் பகுதிதான் ஆசனவாய். மலத்தை அடக்கி வைக்கிற தசை வளையம் அங்கேதான் இருக்கு.

மலக்குடலில் புற்றுநோய் அதிகம் பாக்கிறோம். ஆசனவாயில் வர்றது அரிது. இரண்டும் வேற வேற வகை செல்லிலிருந்து வருது, வைத்தியமும் வேற. ஆனா முதல் அறிகுறி ரெண்டுக்கும் ஒண்ணுதான்: ரத்தம்.

4/
1908. லண்டன். எர்னஸ்ட் மைல்ஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை மலக்குடல் புற்றை அவர் கீழ்ப்பக்கம் வழியா மட்டும் வெட்டி எடுத்து வந்தார். அப்படிச் செய்த 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்ப வந்துவிட்டது.

அதனால் அவர் சொன்ன வழி: வயிற்றைத் திறந்து மேலிருந்தும், கீழிருந்தும், மலக்குடலையும் ஆசனவாயையும் சுற்றியுள்ள எல்லாவற்றோடும் சேர்த்து எடுத்துவிடு. மலம் வெளியேற வயிற்றில் நிரந்தரமா ஒரு வழி வை.

5/
அவர் முதலில் செய்த 12 ஆபரேஷனில் 5 பேர் இறந்துபோனாங்க. அந்தக் காலத்தில் ஆன்டிபயாட்டிக் கிடையாது, ரத்த வங்கி கிடையாது. ஆனாலும் நோய் திரும்புவது குறைந்தது. அதனால் அது உலகம் முழுக்கப் பரவியது. ஆசனவாய் புற்றுக்கும் அதுவே விதி ஆயிடுச்சு, கட்டி எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி.

அந்த அம்மா பயந்த ஆபரேஷன் இதுதான். 1970 வாக்கில் அவங்க வந்திருந்தா, அந்தப் பயம் நூத்துக்கு நூறு நியாயம்.

6/
பையோட வாழ முடியுமா? முடியும். லட்சக்கணக்கான பேர் வாழறாங்க, வேலைக்குப் போறாங்க. அதை அசிங்கமா நினைக்கவே கூடாது.

ஆனா மலை மேல அதோட விலை வேற. மிளகு பறிக்க ஏணி ஏறணும். பை தீர்ந்தா எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி டவுனுக்குப் போகணும். ஒட்டின இடத்துத் தோல் புண்ணாச்சுன்னா யார்கிட்ட காட்டுறதுன்னு தெரியாது. தேவையில்லாத ஒருத்தருக்கு அதை வைக்காம இருக்க முடியும்னா, அது சின்ன விஷயம் இல்ல.

7/
இப்போ நம்ம ஊருக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நமக்கெல்லாம் தெரியும். அவர் புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை வேணும்னு பிடிவாதமா நின்றதுக்குப் பின்னால் ஒரு வீட்டுத் துக்கம் இருக்கு. அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். முதலில் அதை சீதபேதின்னு நினைச்சு வைத்தியம் பார்த்திருக்காங்க.

மலத்தில் ரத்தம் வந்தது. யாரோ ஒரு சாதாரண பேரைச் சொன்னாங்க. நாள் போயிடுச்சு. நூறு வருஷம் கழிச்சும் இந்த வரிசை மாறல. "சீதபேதி"க்குப் பதிலா இப்போ "மூலம்", அவ்வளவுதான்.

8/
அவர் தொடங்கி வைத்த அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் 1954-ல் 12 படுக்கையோட ஆரம்பிச்சது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தாங்க. 1957-ல் கோபால்ட் கதிர்வீச்சு மெஷின் வந்தது.

நம்ம மக்கள் கதிர்வீச்சை "கரண்ட் வைக்கிறது"ன்னு சொல்வாங்க. தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்கு அந்த வார்த்தை அறிமுகமானது அடையாறில்தான்.

9/
அங்கே வந்தவங்களில் பெரும்பாலானவங்க முத்தின நிலையில் வந்தாங்க. குறிப்பா வெற்றிலை புகையிலை போட்டு வர்ற கன்னப் புற்று. கத்தியாலயும் முடியல, கரண்டு மட்டும் வெச்சும் முடியல. அதனால் மருந்தையும் கதிர்வீச்சையும் ஒண்ணா சேர்த்துக் கொடுத்துப் பார்த்தாங்க. மருந்து புற்று செல்லை பலவீனமாக்கும், அந்த நேரத்தில் கதிர் அடிச்சா கூடுதலா சாகும் என்பது கணக்கு.

கன்னப் புற்றுக்கான கூட்டு சிகிச்சை பற்றி அவங்க எழுதிய கட்டுரை 1971-ல் ரேடியாலஜி என்ற அமெரிக்க இதழில் வந்தது. சென்னையிலிருந்து.

10/
அதே காலகட்டம், அமெரிக்காவில் டெட்ராய்ட். நார்மன் நைக்ரோ என்ற குடல் அறுவை நிபுணர். ஆசனவாய் புற்றுக்கு மைல்ஸ் ஆபரேஷன் செய்தும் நோய் திரும்புதேன்னு அவருக்குக் கவலை. அதனால் ஆபரேஷனுக்கு முன்னாடி கட்டியைச் சுருக்கலாம்னு 30 கிரே கதிர்வீச்சும், கூடவே ஃப்ளோரோயுராசில், மைட்டோமைசின் வகை மருந்துகளும் கொடுத்தார். (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கிற அலகு, மருந்துக்கு மில்லிகிராம் மாதிரி.)

கவனிங்க. அவர் வைத்தியத்தைக் குறைக்க வரல. கூட்டத்தான் வந்தார்.

11/
1974-ல் வெளியான அவருடைய கட்டுரையில் மொத்தம் மூணே நோயாளிகள்.

இரண்டு பேருக்குத் திட்டப்படி ஆபரேஷன் நடந்தது. வெட்டி எடுத்த பாகத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தா புற்று செல்லே இல்ல. மூணாவது நோயாளி ஆபரேஷனே வேண்டாம்னு மறுத்துட்டாங்க. அவங்களுக்கும் நோய் இல்லாமப் போச்சு.

அப்போ அந்த இரண்டு பேருக்கு எதை வெட்டி எடுத்தோம்? நல்லா இருந்த ஆசனவாயை!

12/
இந்தக் கேள்விதான் எல்லாத்தையும் மாத்தியது. மூணு பேரை வெச்சு உலகத்தை மாத்த முடியாதுன்னு நிறைய பேர் சொன்னாங்க, அது நியாயமும்தான். அடுத்தடுத்து நிறைய நோயாளிகளில் அதே முடிவு வந்தப்போ ஆபரேஷன் பின்னுக்குப் போச்சு. கரண்டும் கீமோவும் முதல் வைத்தியம் ஆச்சு. கட்டி போகலன்னாலோ திரும்ப வந்தாலோ மட்டும் கத்தி.

வைத்தியம் வேண்டாம்னு சொன்ன அந்த மூணாவது நோயாளியோட பேர் வரலாற்றில் இல்ல. ஆனா அவங்களுக்கு நாம கடன்பட்டிருக்கோம்.

13/
அடுத்த கேள்வி: கரண்டு மட்டும் போதுமா, கீமோவும் வேணுமா? கீமோவை விட்டா உடம்புக்கு லேசு தானே?

பிரிட்டனில் 585 பேரை வெச்சு ஆக்ட் 1 என்ற ஆய்வு நடந்தது. 1996-ல் முடிவு வந்தது. கரண்டு மட்டும் வெச்சவங்களில் 59% பேருக்கு அந்த இடத்தில் வைத்தியம் தோத்தது. கீமோவும் சேர்த்தவங்களில் 36%தான். ஆக, கீமோவை விட முடியாது. எதை வேணா குறைச்சுடலாம்னு இல்ல, எதைக் குறைக்கலாம்னு சோதிச்சுத்தான் தெரிஞ்சுக்க முடியும்.

14/
அடுத்து ஆக்ட் 2, 940 பேர். முடிவு 2013. 28 சிட்டிங், மொத்தம் 50.4 கிரே. 26 வாரத்தில் பத்தில் ஒன்பது பேருக்குக் கட்டி முழுசா கரைஞ்சிருந்தது.

இதில் ஒரு சுவாரசியமான பாடம். 11 வாரத்தில் பாக்கும்போது கட்டி இன்னும் மிச்சம் இருந்தவங்களில், பத்தில் ஏழு பேருக்கு 26 வாரத்துக்குள்ள அதுவாகவே போயிடுச்சு. மறுபடி எதுவும் கொடுக்கல, சும்மா காத்திருந்தாங்க. அவசரப்பட்டு 11-வது வாரத்தில் கத்தி எடுத்திருந்தா, அந்த ஏழு பேருக்கும் வீணா பை.

காத்திருக்கிறதும் ஒரு வைத்தியம்தான்.

15/
சரி, பை போச்சு. பிரச்சனை தீர்ந்துச்சா? இல்ல.

கரண்டு வைக்கிற இடம் அப்படி. மூணாவது வாரத்திலிருந்து தோல் வெந்து உரியும். உட்கார முடியாது. மலம் கழிக்கிறது நெருப்பில் உட்கார்ந்த மாதிரி. கீமோவால் வெள்ளையணு குறைஞ்சு காய்ச்சல் வரும். வருஷங்கள் கழிச்சும் சிலருக்கு மலத்தை அடக்க முடியாம போகுது. பெண்களுக்குப் பிறப்புறுப்பு சுருங்குது, சின்ன வயசுன்னா மாதவிடாய் நிக்குது. இடுப்பெலும்பு பலவீனம் ஆகுது. குணமான பிறகும் இருபது முப்பது வருஷம் வாழப் போறவங்க இவங்க.

16/
"இன்னும் கொஞ்சம் கூட்டினா இன்னும் நல்லா கேக்குமோ?" என்பது டாக்டர்களுக்கு எப்பவும் வர்ற ஆசை. பிரான்ஸில் 307 பேரை வெச்சு நடந்த அக்கார்ட் 03 ஆய்வில் முன்கூட்டியே கூடுதல் கீமோ, கூடுதல் கதிர்வீச்சு எல்லாம் கொடுத்துப் பார்த்தாங்க. 2012-ல் முடிவு வந்தது. பையில்லாம வாழறதில் எந்த லாபமும் இல்ல.

30 கிரேயில் ஆரம்பிச்ச கதை 50-ஐத் தாண்டியாச்சு. முத்தின கட்டிக்கு அது தேவைப்படலாம். சின்ன கட்டிக்கும் அதே அளவு ஏன்? இந்தக் கேள்வியைக் கேட்க நாற்பது வருஷம் ஆச்சு.

17/
கேட்டவங்க பிரிட்டன்காரங்க. லீட்ஸை மையமா வெச்சு பிளேட்டோ என்ற பெயரில் மூணு ஆய்வு. ரொம்ப சின்ன கட்டியை வெட்டி எடுத்தா மட்டும் போதுமா என்பது ஆக்ட் 3. பெரிய கட்டிக்குக் கூட்டணுமா என்பது ஆக்ட் 5. நடுவில் நம்ம விஷயம், ஆக்ட் 4.

ஆக்ட் 4-ல் சேர நிபந்தனை: கட்டி 4 சென்டிமீட்டருக்குள்ள, அதாவது ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குள்ள இருக்கணும். நெறிகட்டிக்குப் பரவியிருக்கக் கூடாது.

18/
160-க்கும் கொஞ்சம் மேற்பட்ட நோயாளிகள். ஒரு பிரிவுக்கு வழக்கமான 28 சிட்டிங், 50.4 கிரே. இன்னொரு பிரிவுக்கு 23 சிட்டிங், 41.4 கிரே. தினசரி அளவு ஒண்ணுதான், நாள்தான் குறைவு. கீமோ இரண்டு பக்கமும் உண்டு.

வாரத்துக்கு அஞ்சு நாள் கரண்டுன்னா, குறையறது சரியா ஒரு வாரம்.

19/
2025-ல் லான்செட் ஆன்காலஜியில் குறுகிய கால முடிவுகள் வந்தன. ஆறு மாசத்தில் கட்டி முழுசா போனவங்க இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர். குறைச்சுக் கொடுத்ததால் யாரும் பின்தங்கல.

ஆனா இது இரண்டாம் கட்ட ஆய்வு, சின்ன ஆய்வு. இதை வெச்சு நாளைக்கே உங்க டாக்டர்கிட்ட போய் "அஞ்சு சிட்டிங் குறைங்க"ன்னு கேக்காதீங்க. அதை முடிவு பண்ண வேண்டியது உங்க கட்டியைப் பார்த்த புற்றுநோய் நிபுணர்.

20/
ஏன் இவ்வளவு எச்சரிக்கை? தொண்டைப் புற்றில் பட்ட சூடு.

ஹெச்.பி.வி. வைரஸால் வர்ற தொண்டைப் புற்று நல்லா குணமாகும் வகை. சிஸ்பிளாட்டின் கடுமையா இருக்கு, அதுக்குப் பதிலா செடக்சிமாப் கொடுத்து லேசாக்கலாம்னு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இரண்டு பெரிய ஆய்வு நடந்தது. 2018 கடைசியில் முடிவு வந்தது. லேசாக்கினவங்களில் அதிகம் பேர் இறந்தாங்க. பக்க விளைவும் பெருசா குறையல.

குறைக்கணும் என்ற நல்லெண்ணம் மட்டும் போதாது.

21/
அதே ஹெச்.பி.வி.தான் ஆசனவாய் புற்றில் பத்தில் ஒன்பதுக்குக் காரணம். கருப்பைவாய் புற்றுக்கும் அதுதான். இதைக் கண்டுபிடித்த ஹரால்ட் ஸுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் கிடைச்சது.

இது ரொம்பச் சாதாரணமா பரவுற வைரஸ். வாழ்க்கையில் ஒரு தடவையாவது பெரும்பாலானவங்களுக்கு வந்து போகும். அதனால் இந்த நோய் வந்தவங்க ஒழுக்கத்தைப் பத்திப் பேசாதீங்க. ஹெச்.ஐ.வி. உள்ளவங்களுக்கும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் வாய்ப்பு கூடுதல். வெட்கத்தால் அவங்க மறைச்சா, நஷ்டம் அவங்களுக்கு.

22/
இப்போ மறுபடி மலைக்கு வரேன். இந்த நூறு வருஷ முன்னேற்றம் எல்லாம் ஒரே ஒரு நிபந்தனையில் நிக்குது: எலுமிச்சம்பழ அளவுக்குள்ள கண்டுபிடிக்கணும்.

நம்ம ஊரில் என்ன நடக்குது? ரத்தம் வந்தா மூலம். பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் "மூலம், பௌத்திரம்" போஸ்டர். மலையில மூலிகைக்குப் பஞ்சமில்ல, ஆளுக்கொரு வேர் சொல்வாங்க. எங்களை மாதிரி டாக்டரும் புறநோயாளி வரிசையில் நூறு பேர் நிக்கும்போது, ஆளைப் படுக்க வைக்காம களிம்பு எழுதிக் கொடுத்துடறோம். நானும் செஞ்சிருக்கேன். மறைக்க ஒண்ணும் இல்ல.

23/
அந்த அம்மா வந்த அதே வருஷம் இன்னொரு பெரியவர் வந்தார். 14 மாசம் மூலத்துக்கு வைத்தியம். பல இடம், பல களிம்பு, ஒரு இடத்தில் கட்டி மேல ஏதோ தடவிப் பொசுக்கியிருக்காங்க. யாரும் விரல் வெச்சுப் பாக்கல. நான் பார்த்தப்போ தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது.

கரண்டும் கீமோவும் முழுசா கொடுத்தும் கட்டி போகல. கடைசியில் மைல்ஸ் ஆபரேஷன்தான் அவர் உயிரைக் காப்பாத்துச்சு. பையோட இருக்கார், நல்லா இருக்கார். ஆனா அவருக்கு அது தேவைப்படாம போயிருக்கலாம். 14 மாசத்தில் ஏதாவது ஒரு நாள், அரை நிமிஷம் யாராவது பார்த்திருந்தா.

24/
அந்த அம்மா கதை? கட்டி சின்னது, நெறிகட்டி இல்ல. அவங்க மகள் "ஒரு தடவை ஆஸ்பத்திரியில காட்டிட்டு அப்புறம் வேர் அரைச்சுக் குடி"ன்னு இழுத்துட்டு வந்ததால் சீக்கிரம் தெரிஞ்சது.

"பை வேண்டாம்மா, கரண்டும் மருந்தும் போதும்"னு சொன்னதும் திரும்ப உட்கார்ந்தாங்க. அடுத்த கேள்வி: "எத்தனை நாளு?"

"28."

"மொளகு பூராவும் கொட்டிப் போயிருமே சாமி."

25/
28 சிட்டிங்குக்கு மலை இறங்கி, டவுனில் சொந்தக்காரங்க வீட்டில் ஆறு வாரம் கிடந்தாங்க. தினமும் ஏறி இறங்க முடியாது. காப்பீட்டுத் திட்டத்தில் வைத்தியச் செலவு போச்சு, ஆனா போன கூலியையும் உதிர்ந்த மிளகையும் எந்தத் திட்டமும் தராது.

ஒரு வாரம் குறையறது லண்டனில் ஒரு சௌகரியமா இருக்கலாம். கொல்லிமலையில் அது, நடுவில் விட்டுட்டு ஓடறதுக்கும் முழுசா முடிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம். 23 சிட்டிங் நம்ம ஊருக்கு விதியா வந்தா, முதல்ல சந்தோஷப்படறது இந்த மாதிரி அம்மாக்கள்தான்.

ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தோம். கட்டி இல்ல. பை இல்ல.

26/
இனி நீங்க செய்ய வேண்டியது:

ஆசனவாயில் ரத்தம் வந்தா பெரும்பாலும் அது மூலமோ வெடிப்போதான். பயப்படாதீங்க. ஆனா இரண்டு வாரத்துக்கு மேல நீடிச்சா, கட்டி தட்டுப்பட்டா, ஆறாத புண், விடாத அரிப்பு, வலி, தொடை இடுக்கில் நெறிகட்டினா, அரசு மருத்துவமனைக்கு வாங்க.

வந்தா, "டாக்டர், விரல் வெச்சுப் பாத்துட்டு சொல்லுங்க"ன்னு நீங்களே கேளுங்க. பெண் டாக்டர் வேணும்னா கேளுங்க, கூட நர்ஸ் இருக்கணும்னா கேளுங்க. வெட்கம் அரை நிமிஷம்தான்.

27/
டாக்டர் நண்பர்களுக்கு ஒரு வரி. கையுறையும் ஜெல்லும் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கு. டெட்ராய்ட்டும் லீட்ஸும் சேர்ந்து அஞ்சு சிட்டிங் குறைச்சிருக்காங்க. அந்த அஞ்சு சிட்டிங் நம்ம நோயாளிக்குக் கிடைக்குமா இல்லையான்னு முடிவாகிறது நம்ம புறநோயாளி அறையில்.

நாளைக்கு "மூலம்"னு சீட்டில் எழுதறதுக்கு முன்னாடி, ஒரு தடவை திரையை இழுத்து விட்டு, ஆளைப் படுக்க வைங்க.